பினாங்கிலிருந்து சென்னை 2,365 கிலோமீட்டர்: கெடாக்காரர்களுக்கு எது கிட்டத்து வழி?

விடியற்காலை ஐந்து மணிக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன் வந்தால் அது நல்ல சேதியாக இருக்காது. இங்கே ஐந்து மணி என்றால் அங்கே இரவு இரண்டரை. அந்த நேரத்தில் யாரும் நலம் விசாரிப்பதில்லை.

பாடாங் செராய் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு அப்படி ஒரு போன் வந்தது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அக்கா இறந்துவிட்டார். அக்காவின் கணவர் சிவப்பு அடையாள அட்டைக்காரர். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, தோட்டத்தில் தொடர்ந்து வேலை கிடைக்காமல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேறின. அக்காவின் குடும்பமும் அவற்றில் ஒன்று. தம்பி இங்கேயே நின்றுவிட்டார்.

பெரியவரின் மகன் எனக்குப் பழக்கம். காலை ஏழு மணிக்குப் பெரியவரே என் கைப்பேசிக்கு அழைத்தார். “தம்பி, நீங்க பேப்பர்ல வேலை செய்றீங்க, உங்களுக்குத் தெரியும். இப்ப கிளம்புனா எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்? எடுக்குறதுக்குள்ள போயிட முடியுமா?” என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இணையத்தில் தேடினால் ஒரு தளம் மூன்று மணி நேரம் என்கிறது. இன்னொன்று பத்து மணி நேரம் என்கிறது. இரண்டுமே தவறில்லை. ஆனால் இரண்டும் அவர் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூரம்

பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வரை வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,365 கிலோமீட்டர். மைல் கணக்கில் 1,470. கடல் மைலில் 1,277.

இந்தத் தூரத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பூமி உருண்டை, எனவே இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி நேர்கோடு அல்ல, உருண்டையை ஒட்டி வளையும் வில். பூமியின் நடுப்புள்ளியிலிருந்து பார்த்தால் பினாங்குக்கும் சென்னைக்கும் இடையிலான கோணம் 21.27 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 2,363 வரும். பூமி துல்லியமான உருண்டை இல்லை, நடுவில் சற்றுப் பருத்தது என்பதால் இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்பின்னாக இருக்கும். தளத்துக்குத் தளம் எண் மாறுவதற்கு அது ஒரு காரணம். விமான நிலையத்திலிருந்து அளக்கிறார்களா, நகரத்தின் நடுவிலிருந்து அளக்கிறார்களா என்பது இன்னொரு காரணம்.

கோலாலம்பூர் கேஎல்ஐஏவிலிருந்து சென்னை ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர், திருச்சி 2,690. பினாங்கிலிருந்து திருச்சிக்கு நேர்க்கோட்டில் 2,450தான் வருகிறது, ஆனால் நேரடி விமானம் இல்லை. அலோர் ஸ்டார் விமான நிலையத்திலிருந்து சென்னையை அளந்தால் 2,340. பினாங்கைவிட 25 கிலோமீட்டர் குறைவு! இந்தியாவுக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பது நம் கெடா மண்தான். என்ன செய்வது, அங்கிருந்து விமானம் கோலாலம்பூர்ப் பக்கம்தான் போகிறது.

இந்தத் தூரம் அதிகமா, குறைவா? பினாங்கிலிருந்து கோத்தா கினபாலு ஏறக்குறைய 1,750 கிலோமீட்டர். சபாவுக்குப் போகும் தூரத்தோடு இன்னும் 600 கிலோமீட்டர் சேர்த்தால் சென்னை வந்துவிடும். நம்மில் பலருக்குச் சபா உள்நாடு, இந்தியா கடல் கடந்த தூரதேசம். வரைபடம் அப்படிச் சொல்லவில்லை.

வானில் எவ்வளவு நேரம்?

இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் 320 வகை விமானம் மேலே ஏறிச் சீரான வேகத்துக்கு வந்த பிறகு மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கும். 2,365ஐ அதனால் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. சில தளங்கள் மூன்று மணி நேரம் என்று போடுவது இந்த வகுத்தல் கணக்கைத்தான். ஆனால் விமானம் தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போக வேண்டும். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. சென்னையில் இறங்க முறை வரும்வரை சில சமயம் வட்டமடிக்கவும் வேண்டும். எனவே பயண அட்டவணையில் மூன்றரை மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் போட்டிருப்பார்கள். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் நாலு மணி நேரம் அல்லது அதை ஒட்டி.

பத்து மணி நேரம் என்று காட்டும் தளங்கள், வேறு ஊரில் இறங்கி மாறும் பயணச்சீட்டைக் கணக்கில் எடுக்கின்றன. 2024 டிசம்பர் 21க்கு முன் பினாங்கிலிருந்து போகிறவர்களுக்கு அதுதான் வழியாக இருந்தது. கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்க் காத்திருந்து மாற வேண்டும். தெற்கே 325 கிலோமீட்டர் போய், அப்புறம் திரும்பி வடமேற்கே பறப்பது. அந்த டிசம்பர் 21இல் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடிச் சேவையைத் தொடங்கியது. கெடாவின் தென்பகுதியில் இருக்கும் நமக்கு இது பெரிய மாற்றம். பறக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். பயணச்சீட்டு எடுக்குமுன் நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வங்காள விரிகுடாவில் கீழே தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அந்தக் காலத்துப் பாய்க்கப்பல்கள் நாகப்பட்டினத்திலிருந்து இந்தப் பக்கம் வர அந்தக் காற்றே துணை. ஆனால் விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அதே மாதங்களில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். அதற்கும் மேலே இன்னும் வேகமான ஒரு காற்றோட்டமே இருக்கிறது. வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டம் என்ற அதை 1958இல் உலகுக்கு விளக்கிக் கட்டுரை எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஆகவே ஜூலையில் பினாங்கிலிருந்து சென்னைக்குப் போகும் விமானத்துக்கு முதுகில் காற்று, திரும்பி வரும் விமானத்துக்கு முகத்தில் காற்று. கீழே கப்பலுக்கு இருந்ததற்கு நேர் எதிர். போகும்போது சீக்கிரம், வரும்போது தாமதம் என்று யாராவது சொன்னால் விமானியைக் குறை சொல்ல வேண்டாம்.

கடிகாரத்தில் தொலையும் இரண்டரை மணி நேரம்

நம் மக்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. பினாங்கில் காலை 11 மணிக்கு ஏறி மூன்றரை மணி நேரம் பறந்தால், நம் கடிகாரத்தில் பிற்பகல் 2.30. சென்னைக் கடிகாரத்தில் நண்பகல் 12. பயணச்சீட்டைப் பார்ப்பவர்கள் “ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறதே!” என்கிறார்கள். திரும்பும்போது தலைகீழ். சென்னையில் இரவு 2 மணிக்கு ஏறினால் பினாங்கில் இறங்கும்போது காலை 8 மணிக்கு மேல் ஆகிவிடும். பறந்தது நாலு மணி நேரத்துக்கும் குறைவுதான். பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இந்த இடைவெளி எப்போதும் இரண்டரையாக இருந்ததில்லை. 1981 கடைசி வரை தீபகற்ப மலேசியாவின் நேரம் இப்போதையதைவிட அரை மணி பின்தங்கியது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்குவதற்காக 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னால் நகர்த்தினார்கள். அதற்கு முன் இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தான். சூரியனைக் கேட்டால் அதுவும் அதிகம் என்றுதான் சொல்லும். பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே 20 பாகைத் தீர்க்கரேகை. பாகைக்கு நாலு நிமிடம். ஆக 80 நிமிடம்தான் உண்மையான வித்தியாசம். மீதி எழுபது நிமிடம் அரசாங்கங்கள் போட்டது. சென்னை ஆறு மணிக்கு விடிகிறது என்றால் கெடாவில் ஏழு மணி வாக்கில்தான் வெளிச்சம் வருகிறது. தமிழ்நாட்டு நாள்காட்டியை அப்படியே வீட்டில் மாட்டி, ஆறு மணிச் சூரிய உதயத்தை வைத்துப் போட்ட இராகுகாலத்தை நம் கடிகாரத்தில் பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நள்ளிரவைத் தாண்டிப் புறப்படும் விமானத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பயணச்சீட்டில் 14ஆம் தேதி அதிகாலை 1.30 என்றிருந்தால் 13ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கூலிம் பக்கத்தில் ஒரு குடும்பம், கல்யாணத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியவர்கள், 14ஆம் தேதி இரவு பெட்டி படுக்கையோடு சென்னை விமான நிலையத்துக்குப் போய் நின்றார்கள். விமானம் முந்தைய இரவே போய்விட்டது. ஆறு பேருக்குப் புதுச்சீட்டு. கல்யாணத்துக்கு வைத்த மொய்யைவிட அது அதிகம்.

கீழே என்ன இருக்கிறது?

பினாங்கிலிருந்து சென்னைக்கு வரைபடத்தில் கோடு போட்டால், மலாக்கா நீரிணையின் வடவாயைக் கடந்து அந்தமான் கடலுக்குப் போகிறது. புறப்பட்டு ஒரு மணி நேரம் போல் ஆனதும் நிக்கோபார் தீவுகளின் நடுப்பகுதி வரும். அதற்குப் பிறகு 1,500 கிலோமீட்டருக்கு மேல் வெறும் கடல். கரை தெரிந்தால் சென்னை. கோலாலம்பூரிலிருந்து போட்ட கோடு சற்றுத் தெற்கே, சுமத்ராவின் அச்சே கரையை ஒட்டிப் போய் நிக்கோபாரின் தென்முனையைத் தொடும். வானிலைக்கும் போக்குவரத்துக்கும் ஏற்ப விமானிகள் சற்று விலகுவார்கள் என்றாலும் வழி இதுதான்.

நான் தமிழ் படித்தவன், ஆதலால் இந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. முதலாம் இராசேந்திர சோழன் 1025 வாக்கில் கடல்கடந்து படையெடுத்த ஊர்களை அவனுடைய மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் மாநக்கவாரம் வருகிறது; கடைசியில் கடாரம். நக்கவாரம் நிக்கோபார், கடாரம் நம் கெடா. நாம் போகும் வானவழியில் மூன்றிலொரு பங்குத் தூரத்தில் இருக்கும் தீவு, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டிலும் இருக்கிறது. அதற்கும் முந்தைய பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கிய பொருள்களைச் சொல்லும்போது காழகம் என்ற ஊரைக் குறிப்பிடுகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைக் கடாரம் என்கிறார். படையெடுப்பு மட்டுமே உறவாகவும் இருக்கவில்லை. அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் கடாரத்து அரசன் பெயரில் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் எழுந்ததையும், இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததையும் செப்பேடு சொல்கிறது. அந்தக் காலக் கப்பல்காரர்களுக்குக் கரை அடையாளம் 1,217 மீட்டர் உயரமான ஜெராய் மலை. பீடோங் பக்கத்தில் இருப்பவர்கள் தினமும் பார்க்கிற மலை.

நம் தாத்தா பாட்டிமார் வந்த வழியும் இதுவே. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் தங்கி, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பலில் ஏறுவார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு ஏறக்குறைய 1,260 கடல் மைல். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கடல் மைல் போகும் கப்பலுக்கு அது ஐந்து நாள் கணக்கு. வழியில் நிற்பதையும் சேர்த்தால் ஒரு வாரம். இறங்கியவுடன் தோட்டத்துக்கு விட்டுவிட மாட்டார்கள். தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ஜெரெஜாக் தீவில் அடைத்து வைத்திருப்பார்கள். பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே தெரியும் பச்சைத் தீவு அதுதான். இன்றைக்கு விமானம் இறங்கும் பாயான் லெப்பாஸ் கரைக்கு நேர் எதிரில் இருக்கிறது. கூலிகளாக ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்தியது.

கப்பலில் போய்வருவது அதற்குப் பிறகும் நின்றுவிடவில்லை. ரஜூலா என்ற பெயரைத் தெரியாத தோட்டத்து முதியவர் இருக்க மாட்டார். 1926இல் கட்டிய கப்பல், 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் ஓடியது. அதன்பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிந்தது. அப்புறம் விமானம் ஒன்றுதான் வழி.

வாசலிலிருந்து வாசல் வரை

விமானம் பறக்கும் நேரம் நம் பயணத்தில் கால் பங்குதான். மீதி முழுவதும் தரையில் போகிறது. பெரியவரின் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். பாடாங் செராயிலிருந்து பெரம்பலூர்.

முதல் வழி பினாங்கு. வீட்டிலிருந்து பாயான் லெப்பாஸ் ஒரு மணி நேரம். சுங்கைப் பட்டாணியிலிருந்து வருபவர்களுக்கும் சாலை காலியாக இருந்தால் அதே அளவுதான். அலோர் ஸ்டார்க்காரர்கள் ஒன்றேமுக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடியும் நேரத்தில் பழைய பாலம் அடைத்துக்கொள்ளும். 2014இல் திறந்த இரண்டாம் பாலம் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்குக்குப் போய் விமான நிலையத்தின் பக்கத்திலேயே இறங்குகிறது. சுற்றாகத் தெரிந்தாலும் பல நேரம் அதுவே சீக்கிரம். விமான நிலையத்தில் இரண்டரை மணி நேரம். பறப்பது மூன்றரை. சென்னையில் குடிநுழைவும் பெட்டியும் ஒரு மணி நேரம். அங்கிருந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையம், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். பேருந்தில் பெரம்பலூர் ஐந்து மணி நேரம். மொத்தம் 14.

இரண்டாம் வழி கோலாலம்பூர். பாடாங் செராயிலிருந்து கேஎல்ஐஏ காரில் ஐந்து மணி நேரம். காத்திருப்பு இரண்டரை. திருச்சிக்கு நாலு. வெளியே வர ஒன்று. திருச்சியிலிருந்து வடக்கே பெரம்பலூர் ஒன்றரை. கூட்டிப் பாருங்கள், அதுவும் 14!

ஆகவே பெரம்பலூர் கெடாக்காரனுக்கு எல்லைக்கோடு. அதற்கு வடக்கே, அதாவது விழுப்புரம், கடலூர், வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கத்துச் சொந்தம் என்றால் பினாங்கு-சென்னை வழிதான் கிட்டம். தெற்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை என்றால் கோலாலம்பூர்-திருச்சி. ஆனால் வயதானவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் நான் எல்லைக்கோட்டைக் கொஞ்சம் தெற்கே தள்ளுவேன். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்த பிறகு விமானத்தில் நாலு மணி நேரம் உட்காருவது எழுபது வயது முழங்காலுக்கு ஆகாது. பினாங்கு வழியில் பயணத்தின் நீண்ட பகுதி கடைசியில் வருகிறது. முடியவில்லை என்றால் தாம்பரத்தில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போகலாம். சுங்கைப் பட்டாணியிலிருந்தும் அலோர் ஸ்டாரிலிருந்தும் இடிஎஸ் ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரல் போவது காரைவிடச் சுகம், ஆனால் அங்கிருந்து விமான நிலைய ரயிலுக்கு மாற வேண்டும். பெட்டி அதிகம் இருந்தால் யோசியுங்கள்.

சென்னையில் இறங்குபவர்கள் நகரத்துக்குள் போகத் தேவையில்லை என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை. விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் மின்ரயில் நிலையம். தெற்கே போகும் அரசுப் பேருந்துகள் 2023 டிசம்பர் 30 முதல் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. பழைய நினைவில் டாக்சிக்காரரிடம் கோயம்பேடு என்று சொல்லிவிட்டால், வடக்கே போய்த் திரும்பி இரண்டு மணி நேரம் வீணாகும். திருச்சியில் இறங்குகிறவர்களுக்கு 2024 ஜனவரி 2இல் திறப்புவிழா கண்ட புதிய முனையம் இருக்கிறது. 2008இல் ஏர்ஆசியா முதன்முதலாக இந்தியாவுக்குப் பறந்ததே அந்த ஊருக்குத்தான். நம் ஆள்கள் எங்கே போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் சென்னை மழையைக் கணக்கில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதை மூழ்கிச் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலிலும் மூடினார்கள். அந்த மாதங்களில் கல்யாணத்துக்கு முதல் நாள் போய் இறங்குவது துணிச்சல்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதுபோல் இருக்காது. ஏறக்குறைய 2,000 மீட்டர் மலைமேல் இருப்பதற்குச் சமம். கேமரன் மலையைவிட உயரம். நெஞ்சுவலி, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது. இன்சுலினும் மாத்திரைகளும் கைப்பையில் இருக்கட்டும், மருந்துச்சீட்டோடு. கோடாலித் தைலம் மட்டும் சின்ன பாட்டிலாக இருந்தால் கையில் வைத்துக்கொள்ளலாம். 100 மில்லிலிட்டருக்கு மேல் போனால் பெரிய பெட்டியில் போடுங்கள்.

அளக்க முடியாத தூரம்

இவ்வளவும் சொல்லிவிட்டு, பெரியவர் அன்றைக்கே ஏன் போக முடியவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை அரைகுறை. பதினாலு மணி நேரப் பயணம் அவரைத் தடுக்கவில்லை. அவரிடம் கடப்பிதழ் இருந்தது, விசா இல்லை.

இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவுக்கு 30 நாள் விசா இல்லாமல் வரலாம். நாம் அங்கே போக விசா வேண்டும். இணையத்தில் மின்விசா எடுக்கலாம். ஒரே நாளில் கிடைத்தவர்களும் உண்டு, நாலு நாள் காத்திருந்தவர்களும் உண்டு. சாவு வீட்டில் உடலை நாலு நாள் வைத்திருக்க மாட்டார்கள். ஊரில் வயதான சொந்தம் இருந்தால், போகப் போவதில்லை என்றாலும் கடப்பிதழின் செல்லுபடி ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். விசா தளத்தில் நீண்டகாலச் செல்லுபடி உள்ள வகைக்குத் தகுதி இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் காசு பிடுங்கும் தளங்களும் இருக்கின்றன, முகவரியைக் கவனியுங்கள்.

கடப்பிதழே எடுக்க முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் நீல அடையாள அட்டை கிடைக்காத முதியவர்களை லூனாஸிலும் பீடோங்கிலும் நானே சந்தித்திருக்கிறேன். ஒரு பாட்டி, “எங்க அப்பா அங்கேருந்து ஒரு காயிதமும் இல்லாம வந்தாரு. நான் அங்க போறதுக்கு இத்தனை காயிதம் கேக்குறாங்க” என்றார். அவருக்கு 2,365 என்ற எண்ணால் எந்தப் பயனும் இல்லை.

பெரியவர் அக்காவின் முகத்தைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தார். மூன்றாம் நாள் விசா வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மகனோடு பினாங்கிலிருந்து புறப்பட்டார். சன்னலோர இருக்கை கேட்டு வாங்கினாராம். அன்று இரவு மகன் எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்: பாடாங் செராய் வீட்டு வாசலிலிருந்து அத்தை வீட்டுத் திண்ணை வரை 13 மணி 40 நிமிடம்.